லோகியான் லத்தீன் அகராதித் தளம்: ‘இம்பெரியம்’ என்ற சொல்லை வைத்து ஒரு மதிப்பீடு

லத்தீன் சொல் ஒன்றின் பொருளையும் பிறப்பையும் காசு செலவில்லாமல் ஆழமாகப் பார்க்க இணையத்தில் எங்கே போகலாம் என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டிய பெயர் லோகியான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளம் இது. 2011 முதல் இயங்குகிறது. செவ்வியல் மொழிப் பேராசிரியர் ஹெல்மா டிக்கின் பொறுப்பில் வளர்ந்தது. கிரேக்கம், லத்தீன் இரண்டுக்குமான பல அகராதிகளை ஒரே பக்கத்தில் அடுக்கித் தருகிறது. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஆனால் எந்த அகராதியை முதலில் படிப்பது, எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதை அது சொல்லாது. அந்த வேலை படிப்பவருடையது. அதைச் செய்யாதவர் தவறான பொருளை எடுத்துக்கொண்டு போக நிறைய வாய்ப்பு உண்டு.

இதைச் சோதித்துப் பார்க்க ‘இம்பெரியம்’ மாதிரி ஒரு சொல் கிடைப்பது அரிது. ரோமானியர் உச்ச அதிகாரத்துக்கு வைத்திருந்த சொல் அது. ஆங்கிலத்தின் ‘எம்பயர்’, ‘எம்பரர்’, ‘இம்பீரியல்’, ‘இம்பீரியலிசம்’ எல்லாம் இந்தக் குடும்பம்தான். அதனாலேயே இதைப் பார்த்தவுடன் ‘பேரரசு’ என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் இந்தச் சொல்லுக்கு வந்த பொருள்களில் பிந்திப் பிறந்தது அது. வீட்டு எஜமான் அடிமைக்கு இடும் ஏவலில் இருந்து நிலப்பரப்பின் பெயராக ஆனது வரை இந்தச் சொல் பல நூற்றாண்டு நடந்திருக்கிறது. அந்த நடையை ஒரு சேவை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

பயன்படுத்தும் முறை எளிது. தேடல் பெட்டியில் சொல்லை ரோமன் எழுத்தில் இட வேண்டும்; நெடில் கோடு போட வேண்டியதில்லை. கல்வெட்டுப் பதிப்புகளில் இதே சொல் ‘இன்பெரியம்’ என்று ‘ன்’ ஒலியோடு வந்திருக்கும். தேடும்போது ‘ம்’ வடிவத்தை இடுவதே நல்லது. அகர வரிசையில் அருகிலேயே ‘இம்பெரீட்டுஸ்’ என்ற சொல் நிற்கும். ‘பட்டறிவு இல்லாதவன்’ என்று பொருள். ‘பெரீட்டுஸ்’ என்ற சொல்லின் எதிர்மறை அது. ஆணைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. முதல் ஐந்தாறு எழுத்தைப் பார்த்து இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பது புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

பக்கம் திறந்ததும் ஒரு சுருக்கப் பொருள் கண்ணில் படும். அதோடு நின்றுவிடக் கூடாது. ஆணை, அதிகாரம், பேரரசு போன்ற பொருள்களைச் சுருக்கம் ஒரே வரியில் சமமாக நிறுத்திவிடும். எது எப்போது வந்தது என்பது அதில் இருக்காது. கீழே இறங்கி லூயிஸ்–ஷார்ட் அகராதியின் பதிவுக்குப் போக வேண்டும்.

அந்த அகராதி வெளிவந்தது 1879இல். அதன் வரலாறு தெரிந்திருந்தால் அதை எப்படிப் படிப்பது என்பதும் தெரியும். வில்லெல்ம் ஃப்ராய்ண்ட் ஜெர்மனில் 1834 முதல் 1845 வரை வெளியிட்ட அகராதியை ஆண்ட்ரூஸ் 1850இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதைத் திருத்தி விரித்ததுதான் லூயிஸ்–ஷார்ட். சார்ல்ஸ் ஷார்ட் எழுதியது முதல் எழுத்தான ‘ஏ’ மட்டுமே. மற்ற அனைத்தும் சார்ல்டன் லூயிஸின் கைவேலை. ஆக, நாம் படிக்கும் இம்பெரியம் பதிவு லூயிஸ் எழுதியது, அதன் எலும்புக்கூடு 1830களின் ஜெர்மன் ஆய்வு. 1879க்குப் பிறகு கிடைத்த கல்வெட்டு, செப்பேடு எதுவும் அதில் இராது. இருந்தாலும் இலவசமாகக் கிடைப்பவற்றில் இதுவே வளமானது. கிறித்தவ எழுத்தாளர்கள் உள்ளிட்ட பிற்கால லத்தீனையும் ஓரளவு தொடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி (1968–1982) பொருள் பகுப்பில் இதைவிடக் கூர்மையானது. ஆனால் ஏறத்தாழ கி.பி. 200இல் நின்றுவிடும், லோகியானிலும் கிடைக்காது. நூலகத்தில்தான் பார்க்க வேண்டும்.

பதிவின் தலைப்பிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ஆறாம் வேற்றுமை இறுதி இரண்டு ‘இ’ எழுத்துகளாகத் தரப்பட்டிருக்கும். ஆனால் நாடகாசிரியர் பிளௌட்டுஸ் தொடங்கி கவிஞர் விர்ஜில் வரை வழங்கிய வடிவம் ஒற்றை இறுதியுள்ள ‘இம்பெரி’. கார்த்தேஜ் வேரோடு அழிந்ததைச் சொல்லும் இடத்தில் வரலாற்றாசிரியர் சல்லுஸ்ட் அந்த நகரை ‘ரோமானிய இம்பெரியத்தின் போட்டியாளி’ என்கிறார் (கட்டிலினா 10.1). அங்கே இருப்பது ஒற்றை இறுதி வடிவம்தான். அகராதித் தலைப்பை நம்பி இரட்டை ‘இ’ போட்டு மூலநூல்களில் தேடினால் குடியரசுக் கால எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கைநழுவிப் போகும்.

பதிவின் உடலைப் படிக்கும்போது பொருள்களின் வரிசை எண்ணை விட மேற்கோளின் ஆசிரியர் பெயரைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு காலத்தை எழுதிக்கொள்ளுங்கள்: பிளௌட்டுஸ் கி.மு. 200ஐ ஒட்டியவர், சிசரோ, சீசர், சல்லுஸ்ட் கி.மு. முதல் நூற்றாண்டு, விர்ஜிலும் லிவியும் அகஸ்டஸ் காலம், டாசிட்டுஸ் கி.பி. 100ஐ ஒட்டியவர். உடனே படம் தெளியும். பிளௌட்டுஸின் நகைச்சுவை நாடகங்களில் இம்பெரியம் என்பது பெரும்பாலும் எஜமானின் கட்டளை. அவுலுலாரியா நாடகத்தில் ஓர் அடிமை, நல்ல அடிமையானவன் எஜமானின் நெற்றி வேண்டுவதைத் தன் கண்ணாலேயே அறிந்துகொள்ளும் அளவுக்கு அவர் இம்பெரியத்தைக் கற்றிருக்க வேண்டும் என்கிறான் (599). அங்கே அரசும் இல்லை, படையும் இல்லை. சிசரோவிடம் வரும்போது அது பதவியோடு கூடிய அதிகாரம். அவரது ‘சட்டங்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில் பன்மையாக ‘இம்பெரியா’ என்று வருமிடத்தில் அதிகாரம் வகிக்கும் ஆட்களையே குறிக்கிறது. ஆட்சிப் பரப்பு என்ற பொருள் அதற்கும் பிறகுதான் உறுதியாக நிற்கிறது.

சோதனைக்கு விர்ஜிலின் இரண்டு வரிகளை எடுத்துக்கொள்ளலாம். ஈனெயிட் 1.279இல் ஜுப்பிட்டர் ரோமானியருக்கு ‘முடிவில்லாத இம்பெரியம் தந்தேன்’ என்கிறார். அதற்கு முந்தைய வரியிலேயே இடத்துக்கும் காலத்துக்கும் எல்லை வைக்கவில்லை என்று வருவதால், ‘பேரரசு’ என்ற பொருளும் ‘ஆட்சி உரிமை’ என்ற பொருளும் இங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன. 6.851இல் ‘இம்பெரியத்தால் மக்களை ஆள்வதை நினைவில் வை, ரோமானியனே’ என்று வருகிறது. இங்கே அது கருவிப் பொருளில் வந்த சொல். ‘பேரரசால் ஆள்’ என்றால் பொருள் உடைந்துவிடும், ‘ஆணையால் ஆள்’ என்பதே சரி. ஒரே கவிஞர், ஒரே காவியம், இரண்டு நிழல்கள். லோகியானில் விர்ஜிலுக்கென்றே தொகுத்த சிறிய அகராதியும் இருக்கிறது. அதையும் லூயிஸ்–ஷார்ட்டையும் மேலும் கீழுமாக வைத்து இந்த இரண்டு வரிகளைப் படித்தால் தளத்தின் உண்மையான பயன் புரியும். தனித்தனி நூல்களாக வைத்திருந்தால் மேசை நிறைய விரிக்க வேண்டிய வேலை அது.

சொல் பிறந்த கதைக்கு இம்பெரியம் பதிவு போதாது. அது வினையைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடும். ‘இம்பெரோ’ என்ற வினையைத் தனியாகத் திறக்க வேண்டும். அங்கே ‘இன்’ என்ற முன்னொட்டும் ‘பரோ’ என்ற வினையும் சேர்ந்தது என்ற குறிப்பு இருக்கும். ‘பரோ’ என்றால் ஆயத்தம் செய்தல், ஏற்பாடு செய்தல். ‘பர’ ஏன் ‘பெர’ ஆனது என்பதை அகராதி விளக்காது. அதை இங்கே சொல்லிவிடலாம். பழைய லத்தீனில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழுந்தது. அதனால் உள்ளே இருந்த குறில்கள் மெலிந்தன. ‘ஃபகியோ’ (செய்கிறேன்) முன்னொட்டு ஏறியதும் ‘கோன்ஃபிகியோ’ ஆகிறது. பொதுவாக ‘அ’ மெலிந்து ‘இ’ ஆகும். ஆனால் ‘ர’ ஒலிக்கு முன்னால் அது ‘எ’யில் நின்றுவிடும். ‘பரியோ’ (ஈனுகிறேன்) என்பதன் இறந்தகால வடிவம் ‘பெபெரீ’ ஆனதும் இதே விதியால்தான். ‘பரோ’ ‘இம்பெரோ’வில் ‘பெரோ’ ஆனதும் அப்படியே. அதே ‘பரோ’வில் இருந்து வந்த ‘கோம்பரோ’, ‘ப்ரைபரோ’ இரண்டிலும் ‘அ’ மாறாமல் இருக்கிறது. அவை பிற்காலத்தில் ஆக்கப்பட்டவை, அல்லது தனி வினையைப் பார்த்துத் திரும்பச் சீரமைக்கப்பட்டவை. இம்பெரோ அவற்றைவிடப் பழைய கூட்டு என்பதற்கு அந்த ஒரு ‘எ’ சாட்சி.

பழம்பொருளின் தடம் வினையில் இன்னும் தெளிவாக இருக்கிறது. சீசர் ஓர் இனத்திடம் ‘பிணையாட்களை இம்பெராரே’ செய்கிறார், ‘தானியத்தை இம்பெராரே’ செய்கிறார். ‘கட்டளையிட்டார்’ என்று மட்டும் எழுதினால் அரைப் பொருள்தான் வரும். இத்தனை பிணையாட்களை, இத்தனை தானியத்தை ஆயத்தப்படுத்திக் கொண்டுவந்து சேர் என்று விதித்தல் அது. ஏற்பாடு செய் என்ற ‘பரோ’ அதில் இன்னும் மூச்சு விடுகிறது. யாரிடம் விதிக்கப்படுகிறதோ அவர் நான்காம் வேற்றுமையில் வருவார், விதிக்கப்படும் பொருள் இரண்டாம் வேற்றுமையில். விர்ஜில் ‘ஜியார்ஜிக்ஸ்’ 1.99இல் விடாமல் மண்ணைக் கிளறும் உழவன் ‘வயல்களுக்கு இம்பெராட்’ என்கிறார். நிலத்தை விளைச்சல் கொடுக்கப் பணிக்கிறான். லூயிஸ்–ஷார்ட்டின் வினைப் பதிவில் இந்த உழவுப் பொருளையும் தேடிப் படியுங்கள். பெயர்ச்சொல் பதிவை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பக்கமே தெரியாமல் போய்விடும்.

இங்கே இன்னொரு குழப்பம் வரும். ‘கீழ்ப்படி’ என்பதற்கு லத்தீனில் ‘பாரெயோ’. சிசரோ நன்றாக ஆணையிடுபவன் என்றேனும் கீழ்ப்படிந்திருக்க வேண்டும் என்று சொல்லுமிடத்தில் (சட்டங்கள் 3.5) ‘இம்பெரோ’வும் ‘பாரெயோ’வும் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டும் ஒரே வேர் என்று எண்ணத் தோன்றும். நெடில் கோடு போடாத ரோமன் எழுத்தில் பரோ, பரியோ, பாரெயோ மூன்றின் சில வடிவங்கள் ஒன்றுபோலவே தெரியும். தமிழில் எழுதிவிட்டால் குறிலும் நெடிலும் தனித்தனியாக நின்று குழப்பம் தீர்ந்துவிடுகிறது. லத்தீன் படிக்கும் தமிழர்கள் சொல் குறிப்பேட்டைத் தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்வது இதற்காகவே நல்லது. எ–ஏ, ஒ–ஓ வேறுபாட்டை ரோமன் எழுத்து காட்டாத இடத்திலும் நம் எழுத்து காட்டும். லூயிஸ்–ஷார்ட்டில் குறில் மேல் வளைவும் நெடில் மேல் கோடும் இருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதும்.

குறில் நெடில் அளவு தெரிந்தால் இன்னொரு புதிரும் அவிழும். ‘இம்பெராட்டோர்’, அதாவது படைத்தலைவன், என்ற சொல்லின் முதல் மூன்று அசைகள் நெட்டசை, குற்றசை, நெட்டசை. இரண்டு நெட்டசைகளுக்கு நடுவே ஒற்றைக் குற்றசை காவியத்தின் அறுசீர் அடியில் நிற்காது. அதனால்தான் பழைய காவியக் கவிஞர் என்னியுஸ் ‘இந்துபெராட்டோர்’ என்று எழுதினார். ‘இந்து’ என்பது ‘இன்’ முன்னொட்டின் பழைய உருவம். பின்னால் வந்த கவிஞர் லுக்ரேஷியஸும் அதை எடுத்துக்கொண்டார். ‘இம்பெரியம்’ அடியில் தடையின்றி அமரும் என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் வரவில்லை. என்னியுஸின் வடிவத்துக்குத் தனித் தலைச்சொல் தேடிப் பார்க்க வேண்டும்; இம்பெரியம் பக்கத்தில் கிடைக்கும் என்று காத்திருக்கக் கூடாது.

வேர் ஆராய்ச்சியில் லோகியானின் எல்லை இதுதான். அதில் உள்ளவை பொருள் அகராதிகள். வேர்ச்சொல் அகராதிகள் அல்ல. லத்தீனின் சகோதர மொழியான ஆஸ்கனில் ‘எம்பிராட்டுர்’ என்று ஒரு வடிவம் உண்டு. கி.மு. 91இல் ரோமுக்கு எதிராக எழுந்த இத்தாலியக் கூட்டாளிகள் அடித்த நாணயங்களில், தலைவர் கையுஸ் பாப்பியுஸ் முட்டிலுஸின் பெயரோடு அது பொறிக்கப்பட்டிருக்கிறது. எதிரியின் பட்டத்தையே கடன் வாங்கித் தம் தலைவனுக்குச் சூட்டினார்கள். இது போன்ற செய்திக்கு எர்னூ–மெய்யே (1932) அல்லது மிக்கியெல் தெ வான் (2008) எழுதிய வேர்ச்சொல் அகராதிக்குப் போக வேண்டும்.

இனி முக்கியமான குறை. இம்பெரியம் ரோமின் ஆட்சிச் சட்டத்தில் எப்படி இயங்கியது என்பதை எந்தப் பொருள் அகராதியும் முழுதாகச் சொல்லாது. ஆட்சியியல் சொல் என்று குறித்துவிட்டு ‘உச்ச அதிகாரம்’ என்று எழுதும். சட்டமோ வரலாறோ படிப்பவருக்கு அது போதாது. எல்லாப் பதவிக்கும் இம்பெரியம் கிடையாது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் உச்ச அதிகாரியான கான்சலுக்கு உண்டு, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பிரேட்டருக்கு உண்டு, நெருக்கடிக் காலத் தலைவரான டிக்டேட்டருக்கு உண்டு. நிதி அதிகாரியான குவெஸ்டருக்கும் பொதுமக்களின் பிரதிநிதியான டிரிப்யூனுக்கும் இல்லை. அவர்களுக்கு இருந்தது ‘பொடெஸ்டாஸ்’, பதவிக்குரிய அதிகாரம். இம்பெரியம் கண்ணுக்குத் தெரியும் பொருளாகவும் இருந்தது. முன்னால் நடக்கும் ஏவலர்களான லிக்டர்கள் சுமந்த கழிக்கட்டு அதன் அடையாளம். கான்சலுக்கு 12 லிக்டர்கள், மாகாணத்தில் பிரேட்டருக்கு 6, டிக்டேட்டருக்கு 24. நகரின் புனித எல்லையான போமேரியத்துக்குள் கான்சலின் கழிக்கட்டில் கோடரி இருக்காது. அங்கே தண்டனைக்கு எதிராக மக்களிடம் முறையிடும் உரிமை குடிமகனுக்கு உண்டு. எல்லையைத் தாண்டியதும் கோடரி ஏறும். ‘இல்லத்து இம்பெரியம்’, ‘போர்க்கள இம்பெரியம்’ என்று இரண்டு தொடர்கள் மேற்கோள்களில் எதிர்ப்படுவது இதனால்தான். இந்தப் பின்னணி தெரியாமல் படித்தால் அவை வெறும் அலங்காரமாகத் தோன்றும்.

தேர்தலில் வென்றால் மட்டும் இம்பெரியம் வந்துவிடாது. குடிமக்களின் பழைய பிரிவுகளான 30 கியூரியாக்களின் சபை தனிச் சட்டம் இயற்ற வேண்டும். சிசரோவின் காலத்தில் அந்தச் சபை பெயரளவுக்கு 30 லிக்டர்கள் கூடி நிற்பதாகச் சுருங்கிவிட்டது, ஆனாலும் சடங்கை விடவில்லை. பதவிக்காலம் முடிந்தாலும் இம்பெரியத்தை நீட்டிக்கலாம் என்ற வழி கி.மு. 326இல் பிறந்தது. நேப்பிள்ஸ் முற்றுகையில் இருந்த குவின்டுஸ் புப்லிலியுஸ் ஃபீலோவின் ஆண்டு முடியப் போகிறது. போர் முடியும்வரை கான்சலுக்குப் பதிலாக அவரே நடத்தட்டும் என்று மக்கள் வாக்களித்தார்கள். லிவியின் எட்டாம் புத்தகத்தில் இது இருக்கிறது. பதவியில் இருந்து அதிகாரம் பிரிந்து தனியாக நிற்க முடியும் என்று அன்று தெரிந்தது. கி.மு. 23இல் அகஸ்டஸ் கான்சல் பதவியைத் துறந்தபோது, போமேரியத்தைத் தாண்டி உள்ளே வந்தாலும் அவரது இம்பெரியம் காலாவதியாகாது என்று விதிவிலக்கு கொடுத்தார்கள். பேரரசர் பதவியின் சட்ட அடிப்படைகளில் அது ஒன்று. அவரே தம் சாதனைப் பட்டியலில் தாம் மற்றவரை விஞ்சியது பொடெஸ்டாஸில் அல்ல, ‘அவுக்டோரிட்டாஸில்’, அதாவது மதிப்பால் வந்த செல்வாக்கில், என்று எழுதினார் (34). இம்பெரியம் என்ற சொல்லை அங்கே அவர் எடுக்கவே இல்லை என்பது கவனிக்கத் தக்கது. ஆகவே லோகியானில் இம்பெரியத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். பொடெஸ்டாஸ், அவுக்டோரிட்டாஸ், ‘டொமினாட்டுஸ்’ (எஜமானாட்சி), ‘ரெக்னும்’ (முடியாட்சி) பக்கங்களையும் தனித் தாவல்களில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லின் பொருள் அதன் அண்டைச் சொற்களோடு உரசும் இடத்தில்தான் கூர்மைப்படும்.

சட்ட மாணவர்களுக்கு ஒன்று. ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் இம்பெரியத்தை ‘தூய’, ‘கலந்த’ என்று இரண்டாகப் பிரிக்கிறார் (ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பான டைஜெஸ்ட் 2.1.3). குற்றவாளிகளைத் தண்டிக்கும் வாளின் அதிகாரம் தூயது. நீதி விசாரணை அதிகாரமும் உள்ளடங்கியது கலந்தது. இடைக்கால ஐரோப்பிய சட்ட அறிஞர்கள் இந்த ஒரு பத்தியை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். அந்த வாதத்தின் சொற்களைத் தேட லோகியானிலேயே வசதி உண்டு: பிரிட்டிஷ் மூலங்களில் இருந்து தொகுத்த இடைக்கால லத்தீன் அகராதியும் (1975–2013), 1678இல் முதலில் வந்த தியூ காஞ்சின் சொற்கோவையும் அதே பக்கத்தில் கீழே வரும். பலர் இவ்வளவு தூரம் இறங்குவதில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குக் காஃபியோ அகராதியும் (1934, பிற்காலத் திருத்தத்தோடு) இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு வழியாகப் படித்தவர்களுக்கு லூயிஸ்–ஷார்ட்டின் நெருக்கமான சுருக்கக் குறிகளைவிட அதன் தெளிவான அமைப்பு பிடிக்கும்.

பக்கப் பட்டையில் உள்ளவை துணைக்கருவிகள்: மூலநூல்களில் இருந்து எடுத்துக்காட்டுகள், சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற அளவு, சேர்ந்து வரும் சொற்கள், எந்தப் பாடநூலின் எந்தப் பாடத்தில் கற்பிக்கப்படுகிறது என்ற குறிப்பு. பாடநூல் குறிப்பு ஆசிரியர்களுக்கு உண்மையிலேயே நேரம் மிச்சப்படுத்தும். எடுத்துக்காட்டுகளும் அளவும் அடியில் உள்ள நூல் தொகுப்பைப் பொறுத்தவை. அதில் இலக்கியமும் வரலாறும்தான் பெரும்பங்கு. லிவியும் சிசரோவும் மிகுந்த தொகுப்பில் இம்பெரியம் அரசியல் சொல்லாகவே தெரியும், பிளௌட்டுஸின் வீட்டு ஏவல் அமுங்கிவிடும். அந்த எண்ணிக்கையை வைத்து ‘ரோமானியர் இந்தச் சொல்லை இப்படித்தான் பேசினார்கள்’ என்று எழுதிவிடக் கூடாது.

இந்தச் சொல் வரும் எல்லா இடங்களையும் தாமே பார்க்க விரும்புபவர் பக்கார்டு மனிதவியல் நிறுவனத்தின் லத்தீன் நூல் தேடலுக்குப் போகலாம். அதுவும் இலவசம். கி.பி. 200 வரையிலான இலக்கியத்தோடு ஜஸ்டினியனின் டைஜெஸ்டும் அதில் உண்டு. அங்கே ‘இம்பெரி’ என்று மட்டும் இட்டால் முன்பு சொன்ன ‘இம்பெரீட்டுஸ்’ கூட்டமும் சேர்ந்து வந்து குவியும். சொல்லின் முன்னும் பின்னும் எண் குறியை, தொலைபேசிப் பொத்தானில் இருக்கும் இரட்டைக் கோட்டுக் கட்டக் குறியை, இட்டால் முழுச்சொல் மட்டும் வரும். ஒற்றை ‘இ’ வடிவம், இரட்டை ‘இ’ வடிவம், ‘யோ’ இறுதி, பன்மை என்று தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பதுதான் வழி. கல்வெட்டுகளுக்கு கிளௌஸ்–ஸ்லாபி தரவுத்தளம். பேரரசர் வெஸ்பாசியனின் அதிகாரங்களை வரையறுத்த வெண்கலப் பலகையை அதில் ‘லத்தீன் கல்வெட்டுத் தொகுதி’ ஆறாம் தொகுதி, 930 என்ற எண்ணில் பார்க்கலாம். பலகை ரோமின் கேப்பிட்டோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொடக்கப் பகுதி கிடைக்கவில்லை, ‘வெஸ்பாசியனின் இம்பெரியம் பற்றிய சட்டம்’ என்ற பெயர் பிற்கால அறிஞர்கள் வைத்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே மியூனிக்கின் ‘தெசாவுருஸ்’ என்ற பேரகராதி. 1894இல் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஐந்து அறிவியல் கழகங்கள் தொடங்கிய வேலை. முதல் பகுதி 1900இல் வந்தது, இன்னும் முடியவில்லை. நல்வாய்ப்பாக இம்பெரியம் ஏழாம் தொகுதியின் முதல் பாகத்தில் முடிந்துவிட்டது. பவேரிய அறிவியல் கழகத்தின் தளத்தில் இலவசக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். விளக்கமும் லத்தீனில்தான் இருக்கும் என்பதால் தொடக்கநிலையாளர்கள் திணறுவார்கள். அவர்கள் பொருள் தலைப்புகளையும் ஆசிரியர் வரிசையையும் மட்டும் பார்த்தாலே போதும்: ஒவ்வொரு தலைப்பின் கீழும் மேற்கோள்கள் கால வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். லூயிஸ்–ஷார்ட்டில் நாமே போட வேண்டியிருந்த காலக்கணக்கு இங்கே ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது.

பெண்பால் வடிவமான ‘இம்பெராட்ரிக்ஸ்’ பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சிசரோ அதைக் கேலியாக எடுத்தார்: குளியல் மண்டபத்தில் ஆட்களைப் பதுங்கவைத்த கிளோடியாவை அப்படி அழைத்தார் (கைலியுஸுக்காக வாதிட்ட உரை, 67). அதே சொல்தான் 1893 முதல் பிரிட்டன் நாணயங்களில் ‘இந்தியாவின் பேரரசி’ என்ற பட்டத்தின் சுருக்கமாக விக்டோரியாவின் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது.

தமிழில் பொருள் தரும் அகராதி எதுவும் லோகியானில் இல்லை. 1846இல் புதுச்சேரியில் மறைப்பணியாளர்கள் அச்சிட்ட லத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி போன்றவற்றைத் தனியாகத்தான் தேட வேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் ஒரே தமிழ்ச்சொல்லைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகாமல் இடத்துக்கேற்ப மாற்றுவது நல்லது. பிளௌட்டுஸுக்கு ‘ஏவல்’ பொருந்தும். கான்சல், பிரேட்டர் வரும் இடங்களில் ‘ஆணையதிகாரம்’ என்பது ‘அதிகாரம்’ என்ற வெறும் சொல்லைவிட நல்லது, ஏனென்றால் பொடெஸ்டாஸுக்கு ‘அதிகாரம்’ தேவைப்படும். விர்ஜிலுக்கு ‘ஆணை’ பல இடங்களில் போதும்; ஆணை செல்லும் எல்லை என்று நம் மொழியிலும் நிலப்பரப்பைச் சொல்ல முடியும். ‘பேரரசு’ என்பதை நிலப்பரப்பு ஐயமில்லாமல் தெரியும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ‘இறைமை’ மட்டும் வேண்டாம். அது பிற்கால ஐரோப்பிய அரசியல் கோட்பாட்டின் கருத்து, ரோமானியரின் தலையில் அதை ஏற்றக் கூடாது.

கட்டுரையில் சான்று காட்டும்போது ‘லோகியான்’ என்று எழுதாதீர்கள். அது வாசல் மட்டுமே. எந்த அகராதி, எந்தத் தலைச்சொல், எந்தப் பொருள் எண் என்று எழுதுங்கள். அகராதி காட்டும் மேற்கோளை மூலத்தில் ஒருமுறை சரிபார்த்த பிறகே எடுத்தாளுங்கள். பல மேற்கோள்களைச் சொடுக்கினாலே மூலநூல் திறக்கும். பழைய பதிப்புகளின் வரி எண்ணும் இன்றைய பதிப்பின் எண்ணும் சில நூல்களில் ஒன்றிரண்டு வரி விலகும். துண்டுப்பாடல்களாக மட்டும் எஞ்சிய என்னியுஸ் போன்றவர்களிடம் இந்த விலகல் பெரிதாக இருக்கும். அவருக்கு எந்தப் பதிப்பாசிரியரின் எண் என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.